வௌவாலைப் பார்த்துச் சிரித்தார்கள், பாரோனஸைப் பார்த்து அமைதியானார்கள்: அடுத்து என்ன படம் போடலாம்?

மாடிவீடு:

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி வீட்டில் 'தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா' போட்டேன். 1960இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் எடுத்தது, இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷர். பெயரில்தான் டிராகுலா இருக்கிறாரே தவிர படத்தில் அவர் வருவதில்லை, ஹாமரில் டிராகுலாவாக நடிக்கும் கிறிஸ்டோபர் லீயும் இல்லை. ரத்தக் காட்டேரியாக வருவது பாரோன் மைன்ஸ்டர் என்ற ஓர் இளம் பிரபு, அவனைத் தேடி வருவது பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங், காட்டேரிகளை வேட்டையாடுகிறவர். எனக்கு இது மூன்றாவது தடவை, வீட்டில் மற்றவர்களுக்கு முதல் தடவை. அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் வசனத்தை நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆரம்பம் நன்றாகப் போனது. இருட்டுக் காட்டில் குதிரை வண்டி, வாய் திறக்கப் பயப்படுகிற ஊர்க்காரர்கள், மலைமேல் கோட்டை, அதில் ஒரு கிழட்டு பாரோனஸ், கணுக்காலில் வெள்ளிச் சங்கிலி போட்டு அவள் அடைத்துவைத்திருக்கும் மகன். அவன் பேச்சில் மயங்கி அந்த பிரெஞ்சுக்காரப் பெண் சாவியை எடுத்துக் கொடுக்கும்போது அம்மா "குடுக்காதடி" என்று டிவியைப் பார்த்தே சொல்லிவிட்டார். அப்புறம் கல்லறைத் தோட்டத்தில் அந்த வௌவால் வந்தது. கம்பியில் கட்டி ஆட்டிய பொம்மை, யார் பார்த்தாலும் தெரியும். தம்பி சிரிக்க ஆரம்பித்தான், அவன் மனைவியும் சேர்ந்துகொண்டாள், இரண்டு நிமிஷம் யாருக்கும் படம் காதில் விழவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் வான் ஹெல்சிங் கோட்டைக்குப் போகிறார். மகன் பெற்றவளையே கடித்துவிட்டான், அவளும் இப்போது காட்டேரி. மார்ட்டிடா ஹன்ட் நடித்த அந்த பாரோனஸ், நீண்டுவிட்ட பற்கள் வெளியே தெரியக் கூடாது என்று வாயை மறைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்கிறாள். பயமுறுத்த வரவில்லை, வெட்கப்படுகிறாள். சின்ன வயதில் அவன் போட்ட ஆட்டத்துக்கெல்லாம் கூடவே இருந்து சிரித்த தாய் அவள், கெட்ட பிறகு சங்கிலி போட்டதும் அவள்தான், பட்டினி கிடக்கக் கூடாதென்று வெளியிலிருந்து பெண்களைக் கூட்டிவந்து கொடுத்ததும் அவள்தான். ஹாலில் ஒரு சத்தம் இல்லை. அம்மா மட்டும் "பெத்தவ இப்படி வாயப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி ஆயிடுச்சே" என்றார். தம்பியும் பேசவில்லை. கடைசியில் காற்றாலையின் இறக்கையைத் திருப்பி, அதன் நிழல் நிலா வெளிச்சத்தில் சிலுவையாக அவன்மேல் விழும்படி குஷிங் செய்கிறாரே, அப்போது அந்த வௌவாலைப் பார்த்துச் சிரித்த அதே தம்பிதான் கை தட்டினான்.

எனக்கு வேண்டியது இதுதான். ஒரே படத்தில் பொம்மை வௌவாலும் அந்த பாரோனஸும் சேர்ந்து இருக்கிற மாதிரி வேறு என்னவெல்லாம் இருக்கின்றன? எதிலிருந்து தொடங்கினால் வீட்டில் இருப்பவர்களும் கூட வருவார்கள்? இன்னொன்று, எங்கள் டிவி புதுசு, பெரிசு, ஆனால் அதில் இந்தப் படம் மெகா சீரியல் மாதிரி தெரிகிறது, கோட்டை ஏதோ பக்கத்து ஸ்டூடியோவில் போட்ட செட் மாதிரி. பழைய டப்பா டிவியில் டிவிடி போட்டபோது இப்படி இல்லை. என்ன செய்ய வேண்டும்?


பழையகேசட்:

தம்பி, முதலில் டிவியைச் சரி செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அது படத்தின் குற்றம் இல்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இப்போது வருகிற டிவிகள் அந்த ஃபிரேம்களுக்கு நடுவில் தாங்களாகவே புது ஃபிரேம் தயாரித்துச் செருகுகின்றன, அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. கிரிக்கெட்டுக்கு அது சரி. மெழுகுவத்தியோடு மாடிப்படி இறங்குகிற பெண்ணுக்கு அது ஆகாது, கனவு மாதிரி இருக்க வேண்டியது பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, மெனுவில் 'மோஷன்' என்று வருகிற எதையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், பாதி வேலை முடிந்தது. ஷார்ப்னஸைக் குறையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள், ஏனென்றால் ஃபிலிமுக்கு மணல் தூவியது போல ஒரு தன்மை உண்டு, அதைத் துடைத்தால் முகமெல்லாம் மெழுகாகிவிடும். கடைசியாக ஹால் விளக்கையும் அணையுங்கள். இந்தப் படங்களில் பாதி அழகு இருட்டில்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி படம். 80களில் எங்கள் தெருவில் வி.சி.ஆரையும் கலர் டிவியையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்போம். மூன்று கேசட். முதல் இரண்டு தமிழ், பெரியவர்களுக்கு. எல்லோரும் தூங்கின பிறகு மூன்றாவது, அது எங்களுக்கு. அப்படித்தான் ரோஜர் கோர்மனின் 'தி பிட் அண்ட் தி பெண்டுலம்' பார்த்தேன், 1961 படம். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட், சிவப்பெல்லாம் வழிந்து ஓடும், நடுவில் கோடு கோடாக வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. அந்தப் படம் உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலத்தில் எடுத்தது, அந்தக் காலத்து டிவியோ கிட்டத்தட்ட சதுரம், அதில் அடைக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டித்தான் கேசட் போட்டார்கள். வின்சென்ட் பிரைஸ் ஒரு பக்கம் நின்று பேசுவார், கேட்டுக்கொண்டிருப்பவரின் மூக்கு நுனி மட்டும் மறு ஓரத்தில் தெரியும்.

பல வருஷம் கழித்து அதை ப்ளூ-ரேயில் முழு அகலத்தில் பார்த்தேன். அந்தப் பாதாள அறையின் சுவர் முழுக்க முக்காடு போட்ட உருவங்களைத் தீட்டியிருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கோர்மனிடம் பணம் கிடையாது. திகில் கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரில் அவர் 1960இலிருந்து 1964க்குள் எட்டுப் படங்கள் எடுத்தார், ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பிரைஸ்தான் நாயகர். முதல் படமான 'ஹவுஸ் ஆஃப் அஷர்' 15 நாளில் முடித்தது. அதில் வீடு எரிகிற காட்சிக்காக, இடிக்கப்போகிற ஒரு பழைய களஞ்சியத்தை விலைக்கு வாங்கிக் கொளுத்தினார், அந்த நெருப்பையே அடுத்தடுத்த படங்களிலும் வெட்டி ஒட்டினார். அடுத்த படத்தில் அதே உத்தரம் விழுகிறபோது நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆனால் அதற்காக மனசு விலகாது. டேனியல் ஹாலர் என்ற கலை இயக்குநர் பழைய செட்டுகளின் பாகங்களை வாங்கி மாற்றி மாற்றி அடுக்கி, இந்தக் காசில் ஒரு அரண்மனையைக் காட்டினாரே, அதுதான் எனக்கு நிற்கிறது.

ஒன்று சொல்கிறேன், இதை நான் ரொம்ப காலம் யோசித்திருக்கிறேன். சிரிப்பு வருகிற பேய்ப்படத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிரிக்க வைக்க வேண்டும் என்று தெரிந்தே செய்தது. 1971இல் வந்த 'தி அபாமினபிள் டாக்டர் ஃபைப்ஸ்' அதற்கு உச்சம். பைபிளில் வருகிற எகிப்தின் பத்து வாதைகளைப் பின்பற்றி டாக்டர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான் ஒருவன், வௌவால், எலி, வெட்டுக்கிளி என்று. பிரைஸ் அதில் வாயே திறக்க மாட்டார், கழுத்திலிருந்து ஒரு ஒயர் போய் குரல் வேறு எங்கிருந்தோ வரும், பின்னால் சாவி கொடுத்த பொம்மைகள் பாண்டு வாசிக்கும். அவ்வளவு அலங்காரத்துக்கும் அடியில் செத்துப்போன மனைவியை மறக்க முடியாத ஒருவன் இருக்கிறான், படம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இன்னொரு வகை உங்கள் வௌவால். கையில் இருந்தது அவ்வளவுதான், ஆனால் அதன் எதிரில் நிற்கிற குஷிங் உயிர் போகிற மாதிரி போராடுகிறார். நடிப்பவர் நம்பினால் போதும், பொம்மை பொம்மையாகவே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்கு அடுத்தது 'பிட் அண்ட் தி பெண்டுலம்'. அதன் கடைசி ஐந்து விநாடியை யாருக்கும் முன்னாடி சொல்லிவிடாதீர்கள்.


தேம்ஸ்கரை:

நான் 20 வருஷத்துக்கு மேலாக இங்கிலாந்தில் ஸ்லவ் பக்கம் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். வந்த புதிதில் வேலை முடிந்து நடக்கப் போகிற இடம் பிளாக் பார்க். பைன் மரங்கள், நடுவில் ஒரு குளம், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். முதல் நாளே எனக்கு இந்த இடத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது, ஊரில் பார்த்த எந்தக் காடும் இப்படி இல்லை. பிறகுதான் விளங்கியது, பைன்வுட் ஸ்டூடியோ இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஹாமர்காரர் குதிரை வண்டி ஓட்டியதெல்லாம் இந்த மரங்களுக்கு நடுவில்தான். டிராகுலாவின் ஊரான டிரான்சில்வேனியா என்று சின்ன வயதில் நான் பயந்தது பக்கிங்காம்ஷயரை.

பிரே ஸ்டூடியோவும் தூரம் இல்லை. தேம்ஸ் ஆற்றங்கரையில் டவுன் பிளேஸ் என்ற ஒரு பழைய வீடு, அதைத்தான் ஹாமர் ஸ்டூடியோவாக மாற்றியது. ஒட்டினாற்போல ஓக்லி கோர்ட் என்று கூர்மையான கோபுரங்களோடு ஒரு மாளிகை, இப்போது ஹோட்டல். அதன் வெளித்தோற்றத்தை ஹாமர் எத்தனை தடவை பாவித்தது என்று எண்ணி முடியாது. 1975இல் வந்த 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'வில் வருகிற மாளிகையும் அதுவே. ஆற்றின் மறுகரையில் நின்று நான் அதை ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னோடு வந்த மனைவிக்கு அலுத்துவிட்டது.

ஸ்டூடியோ சிறிது, அதனால் பெர்னார்ட் ராபின்சன் என்ற கலை இயக்குநர் ஒரே செட்டைத் தூணை மாற்றி, திரையை மாற்றி, படியை வேறு பக்கம் திருப்பி இன்னொரு வீடாக்கிவிடுவார். 1966இல் வெளிவந்த 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்', 'ரஸ்புட்டின் தி மேட் மங்க்' இரண்டையும் அடுத்தடுத்து ஒரே செட்டுகளில் எடுத்தார்கள். இரண்டையும் ஒரே வார இறுதியில் போட்டுப் பாருங்கள். வீட்டில் டிஸ்க் வைத்திருப்பதன் சுகம் இதுதான், நிறுத்தி, பின்னால் போய், இந்தப் படியா அந்தப் படி என்று பார்க்கலாம். இன்னொரு விஷயம், அந்த டிராகுலா படத்தில் லீக்கு ஒரு வசனமும் இல்லை, சீறுவதோடு சரி. ஆனாலும் அவர் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் அறை சிறுத்துவிடும்.

நீங்கள் 1958 'டிராகுலா'வைப் பார்த்துவிட்டீர்களா? இல்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து அதைப் பாருங்கள். 82 நிமிஷம்தான். ஆரம்பத்தில் சவப்பெட்டியின் பெயர்மேல் பளிச்சென்ற ரத்தம் சொட்டுகிறது, ஜேம்ஸ் பெர்னார்டின் இசை மூன்றே ஸ்வரத்தில் 'டிரா-கு-லா' என்று கூப்பிடுகிறது. வௌவால் தொல்லையும் இல்லை, காட்டேரி வௌவாலாக மாறும் என்பது வெறும் கட்டுக்கதை என்று வான் ஹெல்சிங்கே அதில் சொல்லிவிடுகிறார். கடைசியில் இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்குவது குஷிங் தானே சொன்ன யோசனை, சட்டைப்பையிலிருந்து மறுபடி மறுபடி சிலுவையை எடுத்தால் நன்றாயிராது என்று.

அந்தக் கடைசிக் காட்சிக்கு ஒரு கதை உண்டு. வெயில் பட்டு டிராகுலா அழிகிறபோது தன் முகத் தோலைத் தானே பிய்த்துக்கொள்வதாக எடுத்திருந்தார்கள், பிரிட்டிஷ் தணிக்கை அதை வெட்டிவிட்டது. ஜப்பானுக்குப் போன பிரதியில் அது இருந்தது என்று ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கதைத்தார்கள், ஒரு மங்கிய ஸ்டில்லைத் தவிர ஆதாரம் இல்லை. கடைசியில் 2011இல் டோக்கியோவில் தேசிய ஃபிலிம் காப்பகத்தில் அந்தப் பிரதி கிடைத்தது. 1984 தீவிபத்தில் முதல் ஐந்து ரீல்கள் போய்விட்டன, பிந்திய ரீல்கள் தப்பியிருந்தன. வெட்டுப்பட்ட காட்சி பிந்திய ரீலில்தான் இருந்தது! 2013இல் இங்கே வந்த ப்ளூ-ரேயில் அதைச் சேர்த்தார்கள். சில விநாடிதான். ஆனால் 55 வருஷம் யாரும் ஒழுங்காகப் பார்க்காத விநாடிகள், என் வீட்டு வரவேற்பறையில், கோப்பைத் தேநீரோடு. அன்று ராத்திரி அதை எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.


கருப்புவெள்ளை:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனால் வீட்டில் இருப்பவர்களை இந்த உலகத்துக்குள் கூட்டிவர வேண்டும் என்றால் கலரில் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. கலர் வந்தாலே மேக்கப் தெரியும், ரத்தம் பெயின்ட் மாதிரி தெரியும். கருப்பு வெள்ளையில் பொம்மை வௌவால்கூட நிழலாகிவிடும்.

1935இல் ஜேம்ஸ் வேல் எடுத்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' போடுங்கள். நீங்கள் கேட்கிற சிரிப்பும் அமைதியும் இதைவிட நெருக்கமாக வேறு எதிலும் கிடையாது. டாக்டர் பிரிட்டோரியஸ் கண்ணாடிக் குடுவைக்குள் விரல் உயர ராஜா ராணிகளை வளர்க்கிறார், அந்த ராஜா தப்பித்து ராணியின் குடுவைக்கு ஓடுகிறான், சிரிக்காமல் இருக்க முடியாது. அதே படத்தில்தான் கண் தெரியாத கிழவர், ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த விகார உருவத்துக்கு ரொட்டி கொடுத்து, பேசக் கற்றுக்கொடுத்து, எனக்கு ஒரு நண்பனை அனுப்பினாயே என்று கடவுளுக்கு நன்றி சொல்லி அழுகிறார். அந்த உருவமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் கண்ணிலிருந்து நீர் இறங்கும். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை.

கலர்தான் வேண்டும் என்றாலும் அதற்கு முன்னால் மரியோ பாவாவின் 'பிளாக் சண்டே'. 1960, இத்தாலி, இதுவும் கருப்பு வெள்ளைதான். பாவா முதலில் ஒளிப்பதிவாளர், அதனால் ஒவ்வொரு மரக்கிளையும் வைத்த இடத்தில் இருக்கும். பார்பரா ஸ்டீல் இரட்டை வேஷம். ஆனால் முதல் பத்து நிமிஷத்தில் ஆணி பதித்த முகமூடியை முகத்தில் அறைகிற காட்சி இருக்கிறது, பிரிட்டனில் 1968 வரைக்கும் தடை, அதனால் வீட்டில் போடுவதற்கு முன் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்குகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன், நான் பட்டது. ப்ளூ-ரேயில் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாமல் போகலாம்: அமெரிக்கா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. நாம் விரும்புகிற படங்களின் நல்ல பதிப்புகள் பெரும்பாலும் ஏ அல்லது பியில்தான் வருகின்றன. ஒரு விற்பனையாளர் எல்லாப் பிளேயரிலும் ஓடும் என்று சொல்லி எனக்கு ஒரு பெட்டி அனுப்பினார், ஆறு டிஸ்க், வரி வேறு கட்டினேன், ஒன்றுகூட ஓடவில்லை. எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் ஒன்று வாங்கிய பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே மனசு வந்தது. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பிரிவினை கிடையாது, அதில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் 4கே பெட்டிக்குள் கூடவே வைத்திருக்கும் ப்ளூ-ரேக்கு மண்டலம் இருக்கலாம், கவனம்.

பழைய டிவிடி பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் வந்த டிவிடிகள் PAL என்கிற டிவி முறை, நொடிக்கு 25 ஃபிரேம். 24இல் எடுத்த படத்தை அப்படியே 25இல் ஓட்டிவிடுவார்கள், 4 சதவீதம் வேகம். அதனால்தான் 82 நிமிஷ 'டிராகுலா' பழைய டிவிடியில் 79 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நேரம் போனால் போகட்டும், குரலும் இசையும் கொஞ்சம் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடும். அந்த மூன்று ஸ்வரத்தைச் சரியான சுருதியில் கேட்க ப்ளூ-ரேதான்.


மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. மோஷன் அணைத்துவிட்டேன். ஒரே பட்டன், கோட்டை மறுபடியும் கோட்டை ஆகிவிட்டது! 'டிராகுலா' என்னிடம் பழைய டிவிடியாக இருக்கிறது, பெட்டியில் 79 நிமிஷம் என்றுதான் போட்டிருக்கிறது, இத்தனை நாள் ஏதோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. தம்பி சிரிக்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்? நான் இந்தப் படங்களைக் கேலி செய்யப் பார்ப்பவன் இல்லை. கூட உட்கார்ந்து சிரித்தால் அந்த நடிகர்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.


கத்திரிவெயில்:

சிரிக்கட்டும், தடுக்காதீர்கள். எங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன்.

பீட்டர் குஷிங் பிறந்தது மே 26, 1913. வின்சென்ட் பிரைஸ் மே 27, 1911. கிறிஸ்டோபர் லீ அதே மே 27, 1922. இதைப் படித்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், மே 26, 27 எங்கள் வீட்டில் பேய்ப்படத் திருவிழா. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, வெளியே கத்திரி வெயில் கொளுத்தும், பகலிலேயே ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கி, தரையில் தண்ணீர் தெளித்து, மோர்ப் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவோம். வேர்த்துக் கொட்டிக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அனுபவித்தால்தான் தெரியும்.

பிள்ளைகள் முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். அதனால் அடுத்த வருஷம் சிரிப்பதற்கென்றே எடுத்த படத்தை முதலில் வைத்தேன், கோர்மனின் 'தி ரேவன்', 1963. பிரைஸ், பீட்டர் லாரே, கார்லாஃப் மூவரும் மந்திரவாதிகள், கடைசியில் பிரைஸும் கார்லாஃபும் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தபடியே போடுகிற மந்திரச் சண்டையை என் மகள் இன்றைக்கும் கையை ஆட்டி நடித்துக் காட்டுவாள். லாரேயின் மகனாக வருகிற பையன் ஜாக் நிக்கல்சன். அதில் சிரித்துத் தீர்த்த பிறகு ராத்திரி 1958 'டிராகுலா' போட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு உள்ளே அடைபட்டுக் கிடந்தால்தான் தப்பான இடத்தில் வெடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் படத்திலேயே அதற்கு இடம் கொடுத்துவிடுங்கள்.

குஷிங், பிரைஸ், லீ மூவரையும் ஒன்றாகப் பார்க்க ஆசைப்பட்டால் 1983இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் தி லாங் ஷேடோஸ்' இருக்கிறது, கூட ஜான் கரடைனும். படம் சுமார்தான், நீட்டுகிறார்கள். ஆனால் அந்த நான்கு கிழவர்களும் ஒரே அறையில் நிற்கிற காட்சிக்காகவே நான் அந்த டிஸ்க்கை வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் வேறு படம். 1972, 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', ஆமிகஸ் கம்பெனி, இயக்கம் ஃப்ரெடி ஃபிரான்சிஸ். ஐந்து குட்டிக் கதைகள். அதில் ஒன்றில் குஷிங் கிரிம்ஸ்டைக் என்ற ஏழைக் கிழவர். மனைவி செத்துவிட்டாள், நாய்களும் தெருப் பிள்ளைகளும்தான் துணை, மனைவியின் படத்தோடு பேசிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பணக்காரன் அவரை அங்கிருந்து துரத்த என்னென்னவோ செய்கிறான், கடைசியில் காதலர் தின வாழ்த்து அட்டைகளில் அக்கம்பக்கத்தார் எழுதின மாதிரி வசவுகளை எழுதி அனுப்புகிறான். கிழவர் அதை ஒவ்வொன்றாக ஆசையோடு பிரிக்கிறார். அதற்கு அப்புறம் வருவது பேய்க்கதை, கல்லறையிலிருந்து எழுந்து வருவது, மேக்கப் எல்லாம் உண்டு, பிள்ளைகள் அங்கே கூச்சல் போடுவார்கள். ஆனால் குஷிங்கின் மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்துபோனார், அதற்கப்புறம் அவர் முழுசாக மீளவே இல்லை. அந்த வருஷத்திலேயே எடுத்த படம் இது. அவர் அந்தப் போட்டோவோடு பேசுவதைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.


மாடிவீடு:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 'தி ரேவன்' முதலில், அப்புறம் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', சொன்ன வரிசையிலேயே போட்டேன். தம்பி 'ரேவ'னில் வயிறு வலிக்கச் சிரித்தான், நானும் சிரித்தேன், துரோகம் என்று எதுவும் தோன்றவில்லை.

கிரிம்ஸ்டைக் அட்டைகளைப் பிரிக்கத் தொடங்கியதும் நான் வழக்கம்போல அம்மாவுக்காக வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அட்டையில் அம்மா என் கையைப் பிடித்து "போதும், சொல்லாத" என்றார். அதற்கப்புறம் கல்லறை, எலும்பு, பழிவாங்கல் எல்லாம் வந்தது, தம்பி மனைவி கத்தினாள், அம்மா மட்டும் "நல்லா வேணும் அவனுக்கு" என்று அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

பழையகேசட் ஐயா, நாளைக்கு 'பிட் அண்ட் தி பெண்டுலம்'. கடைசி ஐந்து விநாடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கருப்புவெள்ளை, உங்கள் 'பிரைட்' அதற்கு அடுத்த சனிக்கிழமை. அந்த எல்லா மண்டலமும் ஓடுகிற பிளேயர் என்ன மாடல் என்று மட்டும் சொல்லுங்கள், தம்பியே பாதிப் பணம் போடுகிறேன் என்கிறான்.